மீசை இல்லாமல் அறுபது கிலோ

உடம்பைக் குறைப்பது கஷ்டம் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. குறைப்பது சுலபம். நானே ஆறு கிலோ குறைத்திருக்கிறேன். அதுவும் மயிலாப்பூரில், அதுவும் என் அம்மாவின் சமையலுக்கு நடுவில். கஷ்டமெல்லாம் ஏழாவது கிலோவில் இருக்கிறது. அந்தக் கடைசிக் கிலோ இருக்கிறதே, அது சதையும் இல்லை, கொழுப்பும் இல்லை. காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரன் அது. நோட்டீஸ் விட்டாலும் போகாது, தண்ணீரை நிறுத்தினாலும் போகாது.

அதைக் கிளப்புவதற்காக நான் செய்த ஒரு காரியத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் அப்பா இறந்துபோனார்.

பதற வேண்டாம். மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டார். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது கூடத்தில் உட்கார்ந்து, காப்பியில் டிகாக்ஷன் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லாத உறவினர் கிடையாது. நான் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை. நடந்ததைச் சொல்கிறேன். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் பி.காம். முடித்தேன். முடித்தவன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தில் நான் பிறப்பதற்கு முன்பே முடிவாகியிருந்தது. அபிராமபுரத்தில் பெரியப்பாவுக்கு ஆடிட்டர் ஆபீஸ். அதில் ஜன்னல் இல்லாத பக்கத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதிய கணக்குக்குப் பச்சை மையில் டிக் போட வேண்டும். தலை நரைக்கும் வரை போடலாம்.

நானோ அதற்குள் சைதாப்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் இரும்பு தூக்க ஆரம்பித்திருந்தேன். (எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று கேட்பீர்கள். மழைக்கு ஒதுங்கினேன். அவ்வளவுதான்.) எதைப் பிடித்தாலும் தலைகால் தெரியாமல் பிடிப்பது என் சுபாவம். எனக்கு மேஜிக் வந்து போயிருந்தது, புல்லாங்குழல் வந்து போயிருந்தது, தபால் மூலம் ஹிப்னாடிசம் வந்து அம்மாவிடம் உதை வாங்கிக்கொண்டு போயிருந்தது. இரும்பு மட்டும் போகவில்லை. பளுவைத் தலைக்கு மேல் நிறுத்தி, முட்டி பூட்டி நிற்கிற அந்த இரண்டு விநாடியில் உலகத்தில் ஆடிட்டர்களே இல்லை என்று தோன்றும்.

அப்பா கணக்கு ஆபீசில் சூப்பரின்டெண்ட். அவரிடம் ஒரு வருஷம் கெஞ்சி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தேன்.

"ஜூன் மாசப் போட்டியிலே உன்னை மெட்ராஸ் டீம்ல எடுத்தா, எத்தனை இரும்பு வேணும்னாலும் தூக்கு. நானே வந்து பார்க்கறேன்" என்றார். "எடுக்கலேன்னா, மறுநாள் திங்கக்கிழமை பெரியப்பா ஆபீஸ். அப்புறம் வாயைத் திறக்கப்படாது."

"சரிப்பா."

"உங்க அண்ணாகிட்ட திங்கக்கிழமைன்னே சொல்லிடுங்கோ" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. என் பலத்தில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

இங்கேதான் எடை வருகிறது. பளு தூக்குவதில் ஆளுக்குத் தக்கபடி பிரிவுகள் உண்டு. அறுபது கிலோ வரை ஒரு பிரிவு. அதற்கு மேல் அறுபத்தேழரை வரை ஒரு பிரிவு. பிரிவுக்கு ஒருவரைத்தான் டீமில் எடுப்பார்கள். நான் இருந்தது அறுபத்தேழு. அந்தப் பிரிவில் ஏகாம்பரம் இருந்தான். கிண்டி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன், என் வயதுக்காரன், கொட்டகையில் என் உயிர் சிநேகிதன். நான் மூச்சுப் பிடித்துத் தூக்குவதை அவன் பேசிக்கொண்டே தூக்குவான். அவன் அந்தப் பிரிவில் இருக்கும்வரை எனக்கு டீமில் இடம் கிடையாது என்பது அவனுக்கும் தெரியும்.

"நைனா, நீ கீழ எறங்கிடு" என்றான். "அறுவதுல கீறவன்லாம் சோப்ளாங்கி. நீ போய் நின்னாலே பயந்துடுவானுங்க."

இறங்கினேன். சங்கராந்திக்குப் பிறகு ஆரம்பித்தேன். சாதம் போயிற்று, நெய் போயிற்று, உருளைக்கிழங்கு போயிற்று. அம்மா ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அழுதாள். மாசியில் அறுபத்து நான்கு, பங்குனியில் அறுபத்திரண்டு. பேண்ட்டுகள் இடுப்பில் நிற்கவில்லை. கன்னம் ஒட்டி, கண் பெரிதாகி, தோள் வரை வளர்த்திருந்த முடியும் கிருதாவும் மீசையுமாகக் கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்மேல் மரியாதை வந்தது. (அந்த முடி பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் காது தெரிந்தால் கௌரவக் குறைச்சல். என் முடியை வளர்க்க எனக்கு இரண்டு வருஷமும், அப்பாவோடு எண்ணிலடங்காத சண்டையும் ஆகியிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

சித்திரை பிறந்தபோது அறுபத்தொன்று. அதோடு நின்றது.

நின்றது என்றால் கல் மாதிரி நிற்கவில்லை. அப்படி நின்றிருந்தாலாவது ஒரு மரியாதை. அது விளையாடிற்று. திங்கள் அறுபத்தொன்று. செவ்வாய் பட்டினி கிடந்தால் புதன் அறுபத்தொன்றரை. வெறுத்துப்போய் ஒரு மசால் தோசை தின்றால் அடுத்த நாள் அறுபதே முக்கால். தர்மம், நியாயம் எதற்கும் கட்டுப்படாத உடம்பு. பட்டினிக்குத் தண்டனை, தோசைக்குப் பரிசு. சரி, அப்படியானால் தோசையே தின்போம் என்று தின்றேன். அறுபத்திரண்டு.

தப்பு என்னிடம் இல்லை, தராசிடம்தான் என்று முடிவுகட்டினேன். சென்னையில் எத்தனை எடை மெஷின் உண்டோ அத்தனையிலும் ஏறினேன். மாம்பலம் ஸ்டேஷன் மெஷினில் காசு போட்டால் ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் பலனும் அச்சிட்ட அட்டை வரும். 'உங்கள் நிலை மேலும் மேலும் உயரும்' என்று வந்த அட்டையைக் கிழித்துத் தண்டவாளத்தில் போட்டேன். சைதாப்பேட்டை மெஷின் மாம்பலத்தைவிட அரைக் கிலோ கருணை காட்டியது. அதற்காகவே ரயிலேறிப் போய் எடை பார்த்துவிட்டு வருவேன். பழைய பேப்பர் கடையில் நிற்க வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் எங்கள் தெருக்கோடி விறகுத் தொட்டியில், சங்கிலி போட்ட பெரிய தராசின் தட்டில் குந்தி உட்கார்ந்தேன். மறுதட்டில் படிக்கல்லை ஏற்றி இறக்கிய விறகுக்காரர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"பச்ச வெறகா கீறியேப்பா" என்றார். "உள்ள தண்ணி நிக்குது. நாலு நாள் வெயில்ல போட்டா எறங்கும்."

எனக்கு யார் என்ன சொன்னாலும் உடனே செய்துவிட வேண்டும். வெயிலில் போட்டேன். அது அக்கினி நட்சத்திரம். அப்பா ஆபீஸ் வேலையாக டில்லி போனபோது வாங்கிவந்த கம்பளி ஸ்வெட்டரையும், காதை மூடும் குரங்குக் குல்லாவையும் மாட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் மயிலாப்பூரிலிருந்து அடையாறு பாலம் தாண்டி ஓடிவிட்டுத் திரும்பினேன். பாலத்தின் மேல் ஒரு போலீஸ்காரர் சைக்கிளைக் குறுக்கே போட்டார்.

"எங்க அடிச்சே?"

"எதை சார்?"

"ஸ்வெட்டரை."

அது என் அப்பாவுடையது என்று சொன்னேன். அப்பா எங்கே என்றார். ஆபீசில் என்றேன். இந்த வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்றார். உடம்பைக் குறைக்க என்றேன். அவர் தன் தொப்பையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். "போ போ" என்று வழிவிட்டார். அன்றைக்கு மாலை எடை அறுபதே கால். துள்ளிக் குதித்தேன். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். அறுபத்தொன்று.

இப்படியே ஜூன் வந்தது. போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, தி.நகரில் பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில். முதல் நாள் மத்தியானத்திலிருந்து நான் எதையும் வாயில் வைக்கவில்லை, தண்ணீர் உட்பட. காலையில் ஒரு வேட்டியைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். (எடை பார்க்கும்போது அவிழ்ப்பதற்கு வேட்டிதான் சௌகரியம்.) அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "முடிஞ்சதும் நேரா ஆத்துக்கு வா. நாளைக்குப் போட்டுண்டு போக நல்ல சட்டை இருக்கான்னு பாரு" என்றார்.

ஹாலில் ஒரு மூலையில் திரை கட்டி, உள்ளே தராசு வைத்திருந்தார்கள். எடை பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் கெடு. அதற்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். வேட்டியை அவிழ்த்துவிட்டு ஏறினேன். எடை பார்க்கும் அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குண்டைத் தள்ளினார். தராசுக்கோல் டொக்கென்று மேலே இடித்தது.

"கால் கிலோ ஜாஸ்தி. நெக்ஸ்ட்."

ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பனகல் பூங்காவைச் சுற்றி ஓடினேன். ஏகாம்பரம் பின்னாலேயே ஓடிவந்து, "துப்பு நைனா, துப்பிக்கினே ஓடு, எச்சிலும் எடைதான்" என்றான். ஓடினேன், துப்பினேன். வேர்வையே வரவில்லை, உள்ளே இருந்தால்தானே வரும். திரும்பி வந்து ஏறினேன். கோல் இன்னும் மேலேதான் நின்றது. ஆனால் லேசாக நடுங்கிற்று.

"நூறு கிராம் இருக்கும்" என்றார் அதிகாரி. "கொஞ்ச நேரம்தான் இருக்கு, தம்பி."

நூறு கிராம். ஒரு பொட்டலம் காப்பிப் பொடி. அதற்காக நான் வாழ்நாள் முழுக்கப் பச்சை மையில் டிக் போடப் போகிறேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஏகாம்பரம் எதிரே குந்திக்கொண்டு என்னையே உற்றுப் பார்த்தான்.

"நைனா, தலைல இன்னா கீது?"

"மூளை" என்றேன் எரிச்சலாக.

"அதுக்கு எடையே இருக்காது. நான் முடியச் சொன்னேன்."

அவன் என்ன சொல்கிறான் என்று எனக்குப் புரிவதற்குள் என்னைத் தரதரவென்று வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டான். மார்க்கெட் பக்கம் ஒரு மரத்தடியில் பெட்டியும் கண்ணாடியுமாக ஒரு நாவிதர் உட்கார்ந்திருந்தார். செங்கல்லில் உட்கார வைக்கப்பட்டேன். இரண்டு வருஷத்து முடி என் மடியில் விழுந்தது. என் மனது உடையவில்லை, சத்தியமாக. ஒவ்வொரு கற்றை விழும்போதும், இது எத்தனை கிராம் இருக்கும் என்று கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாவிதர் கத்தியைத் துடைத்தார். "மீசை?"

"எடு" என்றான் ஏகாம்பரம்.

"டேய், மீசையில என்னடா எடை இருக்கும்?"

"கொட்டாவி வுட்டாலே அந்தத் தராசு ஆடுது. எடுய்யா."

நாவிதரின் கை நின்றது. என்னைப் பார்த்தார், என் வேட்டியைப் பார்த்தார், வறண்டுபோன என் முகத்தைப் பார்த்தார். எதையோ கேட்க வாயெடுத்து, கேட்காமலே மீசையை எடுத்தார். முடிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டார். ஒரு துளி உள்ளே போய்விடக் கூடாதே என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

இப்போது என்னை நீங்கள் ரோட்டுக்கு எதிர்ச்சாரியிலிருந்து பார்க்க வேண்டும். மொட்டைத் தலை. வேண்டுதல் மொட்டையானால் சந்தனம் பூசியிருக்கும், இதில் இல்லை. மீசையும் இல்லை. சட்டையில்லாத உடம்பு, ஈர வேட்டி, செருப்பில்லாத கால். துப்புவதற்காக வாயில் அழுத்திப் பிடித்த கைக்குட்டை. மயக்கத்தில் தள்ளாடுகிறேன். ஒரு சிநேகிதன் அக்குளில் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டு வருகிறான்.

எதிர்ச்சாரியில் நின்று பார்த்தவர் அனந்து மாமா. அப்பாவின் ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர். பெண்ணுக்குப் புடவை எடுக்க தி.நகர் வந்திருந்தார். ரோட்டைக் கடந்து ஓடிவந்தார்.

"சேது! டேய் சேது! என்னடா இது கோலம்?"

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் கூப்பினேன், விட்டுவிடுங்கள் மாமா என்ற அர்த்தத்தில்.

"பேசற நெலமைல இல்ல சார் அவுரு. வழி வுடுங்க" என்றான் ஏகாம்பரம்.

மாமா அங்கேயே நடுரோட்டில் நின்றுவிட்டார். முந்தின வெள்ளிக்கிழமைதான் ஆபீசில் அப்பா நெஞ்சைக் கரிக்கிறது என்று சோடா குடித்திருக்கிறார். கண்ணம்மாப்பேட்டை சுடுகாடும் தி.நகரில்தான் இருக்கிறது. மாமா இரண்டையும் கூட்டினார். கணக்கு ஆபீஸ்காரர் அல்லவா, விடை வந்துவிட்டது. (மயிலாப்பூர்க்காரர் போனால் கிருஷ்ணாம்பேட்டைக்குத்தானே கொண்டுபோவார்கள், எதற்குக் கண்ணம்மாப்பேட்டை என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார்?) பக்கத்து ஜவுளிக்கடையில் போனைக் கேட்டு வாங்கி, அபிராமபுரத்தில் பெரியப்பாவைக் கூப்பிட்டுச் செய்தியைச் சொல்லிவிட்டார்.

நான் தராசில் ஏறினேன். அதிகாரி என்னைப் பார்த்துவிட்டு வேறு யாரோ என்று நினைத்து, "பேர்?" என்றார். சொன்னேன். குண்டைத் தள்ளினார். கோல் மேலே போயிற்று, கீழே வந்தது, நடுவில் வந்து மிதந்தபடி நின்றது.

"அறுபது" என்றார். "கங்கிராஜுலேஷன்ஸ். அப்பா பேர் என்னப்பா, ஃபாரத்துல விட்டிருக்கு."

அதற்கடுத்த ஒரு மணி நேரத்தில் மயிலாப்பூரில் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அதை நூறு தடவை நடித்துக் காட்டியிருக்கிறார்கள். அதனால் நேரில் பார்த்தவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்பா பையை எடுத்துக்கொண்டு தண்ணித்துறை மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அம்மா வாசலுக்கு வந்தால், டாக்ஸியிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் இறங்குகிறார்கள். பெரியம்மா ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். பின்னாலேயே பெரியப்பா ஆபீஸ் ஆட்கள். அதற்குப் பின்னால் அனந்து மாமா, கையில் பெரிய சம்பங்கி மாலையோடு.

"என்னக்கா? யாருக்கு என்ன?" என்கிறாள் அம்மா.

பெரியம்மா, பெரியப்பாவைப் பார்க்கிறாள். பெரியப்பா உதட்டைப் பிதுக்குகிறார். "பாவம், இவளுக்கு இன்னும் சொல்லலை போலிருக்கு."

அம்மாவும் கூட்டிப் பார்த்தாள். வீட்டில் பட்டினி கிடந்து, நேற்றிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல், எலும்பும் தோலுமாக வெளியே போனவன் நான் ஒருவன்தான். "ஐயோ சேது!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இந்தச் சமயத்தில் அப்பா பை நிறையக் கத்தரிக்காயோடு தெரு திரும்புகிறார். தன் வீட்டு வாசலில் கும்பல், உள்ளேயிருந்து தன் மனைவியின் அழுகை. அவருக்கும் அதே நினைப்புதான். கும்பலின் கடைசியில் நின்றவரிடம் போகிறார். அவர் பெரியப்பா ஆபீஸ் குமாஸ்தா, அப்பாவை முன்பின் பார்த்ததில்லை.

"ஸார்... யாரு ஸார்?"

"இந்த ஆத்து மாமாதான் ஸார். ஆடிட்டரோட தம்பி. கார்த்தாலதான் ஆச்சாம்."

அப்பா பையைக் கை மாற்றிக்கொண்டார். முதலில் தோன்றியது பிள்ளை இல்லை என்கிற நிம்மதி என்று அவரே சொல்லியிருக்கிறார். "எப்படிப் போனாராம்?" என்று கேட்டிருக்கிறார்.

"நெஞ்சு வலி. பையன் உருப்படலையேங்கிற கவலைதான் காரணம்னு எங்க ஸார் சொல்றார். கேளுங்கோ, அதைத்தான் சொல்லிண்டிருக்கார்."

வாசற்படியில் நின்று பெரியப்பா கரகரத்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். "கிட்டு நல்லவன்தான். ஆனா சாமர்த்தியம் கிடையாது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். ஒரு பிள்ளையை ஒழுங்கா வளர்க்கத் தெரியலை. தறுதலையா இரும்பைத் தூக்கிண்டு திரியறது. போனது போகட்டும், நாளைலேர்ந்து அவனை என் கண் பார்வையிலே வெச்சு நான் மனுஷனாக்கறேன்."

கத்தரிக்காய்ப் பை கீழே விழுந்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"அண்ணா" என்றார் அப்பா, "நான் இன்னும் போகலை."

பெரியம்மா வீறிட்டாள். குமாஸ்தா இரண்டடி பின்னால் நகர்ந்தார். அம்மா அழுகையை நிறுத்தி, அப்பாவைத் தொட்டுப் பார்த்து, பிறகு அனந்து மாமாவைப் பிடித்து உலுக்கி விஷயத்தைக் கறந்தாள். மொட்டை, மீசை, கைக்குட்டை எல்லாம் வெளியே வந்தது. அவ்வளவுதான், "அப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ மீசையை எடுப்பானா அந்தக் கடங்காரன்!" என்று உள்ளே ஓடி, கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தாள். பெரியப்பாவின் டாக்ஸி வாசலிலேயே நின்றிருந்தது. எல்லோரும் ஏறினார்கள். அப்பா கடைசியில் ஏறும்போது அனந்து மாமாவின் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். "எனக்கு வாங்கினதுதானே? குடு இப்படி" என்று பிடுங்கிக்கொண்டார்.

ஹாலில் நான் நாசமாகிக்கொண்டிருந்தேன். எடை பார்த்து முடிந்த கையோடு மூன்று சோடாவும், கிடைத்த வாழைப்பழமும், ஏகாம்பரம் தூக்கில் கொண்டுவந்த தயிர்சாதமும் உள்ளே போயிருந்தன. அந்த அறுபது கிலோவை நான் என் வாழ்க்கையில் வைத்திருந்தது முதல் சோடாவின் கோலி உள்ளே இறங்கும் வரைதான். ஆனால் பலம் திரும்பவில்லை. பளுவைத் தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றும் தோற்றால் வெளியே. முதல் தடவை முட்டி வரை வந்தது. இரண்டாம் தடவை தலைக்கு மேல் போய், என்னைப் பார்க்கப் பிடிக்காமல் முதுகுப் பக்கம் விழுந்தது.

மூன்றாம் தடவைக்குக் கையில் சுண்ணாம்புத் தூளைத் தேய்த்துக்கொண்டு நின்றபோது கதவு திறந்தது. அப்பா. கையில் சாவு மாலை. பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு அம்மா. பின்னால் கண் சிவந்த பெரியம்மா, இறுகிய முகத்தோடு பெரியப்பா, அனந்து மாமா, யாரென்று தெரியாத ஒரு குமாஸ்தா. செத்தது நான்தான், சோடா குடிக்கும்போதே செத்துவிட்டேன் என்றே எனக்குத் தோன்றியது.

"என்னடா முழிக்கறே?" அப்பாவின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "தூக்குடா! பெரியப்பா பார்க்கணும், தூக்கு!"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் முடிக்காகச் சண்டை போட்ட குரல் இல்லை அது. குனிந்தேன். எப்படிப் போயிற்று என்று தெரியாது, பளு தலைக்கு மேல் நின்றது. முட்டி பூட்டிக்கொண்டது. உலகத்தில் ஆடிட்டர்கள் இல்லை. நேர் எதிரே ஒருவர் நின்றுகொண்டிருந்தும் இல்லை.

தூக்கியது செல்லும் என்று நடுவர்களின் வெள்ளை விளக்கு எரிந்து நான் பளுவைக் கீழே போடுவதற்குள் அம்மா மேடையில் ஏறிவிட்டாள். "மாமி, மாமி, மேடைக்கு வரக் கூடாது" என்று அதிகாரி பதறினார். "நீங்க சும்மா இருங்கோ, அப்பா இருக்கிற பிள்ளை" என்று அவரை ஒதுக்கிவிட்டு, என் மொட்டைத் தலை முழுக்கச் சந்தனத்தை அப்பினாள். கடைசியில் இருந்த கொஞ்சத்தை மீசை இருந்த இடத்திலும் பூசினாள்.

இவ்வளவுக்கும் பிறகு நான் ஜெயித்தேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆறு பேரில் ஐந்தாவதாக வந்தேன். ஆறாவது ஆள் போட்டிக்கே வரவில்லை.

ஹாலுக்கு வெளியே பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. டீம்ல எடுக்கலை. சொன்ன வார்த்தைன்னு ஒண்ணு இருக்கு. நாளைக்குக் கார்த்தால பையனை அனுப்பு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பேச எனக்கு உரிமை இல்லை. ஒப்பந்தம் அப்படி.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அனுப்பறதா இல்லை."

"கிட்டு, நீ வாக்குக் குடுத்திருக்கே."

"குடுத்தவன் கார்த்தாலயே போயிட்டானே. நீங்கதானே அண்ணா வாசல்ல நின்னு ஊருக்கெல்லாம் சொன்னேள்?" என்றார் அப்பா. "என் பிள்ளையை நான் வளர்த்துக்கறேன். செத்தாலும் உங்க ஆபீசுக்கு அனுப்ப மாட்டேன். அதையும்தான் பார்த்தாச்சே."

சொல்லிவிட்டு, அவ்வளவு நேரம் கையிலேயே வைத்திருந்த மாலையை என் கழுத்தில் போட்டார். ஏகாம்பரம் விசிலடித்தான். (அவன் மட்டும்தான். குமாஸ்தாவுக்கும் அடிக்க ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது.)

அடுத்த வருஷம் நான் அறுபதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா நெய்யை மீட்டாள், உருளைக்கிழங்கை மீட்டாள். உடம்பு தானாக அறுபத்தேழில் போய் உட்கார்ந்தது. அது எப்போதும் அங்கேதான் உட்கார ஆசைப்பட்டது, நான்தான் கேட்கவில்லை. "நான் மேல போறேன் நைனா, எனக்கும் பிரியாணி துன்னணும்" என்று ஏகாம்பரம் அடுத்த பிரிவுக்கு ஏறிக்கொண்டான். அறுபத்தேழரையில் என்னை டீமில் எடுத்தார்கள், காதை மூடிய முடியோடும் மீசையோடும். சொன்னபடி அப்பா வந்து பார்த்தார். பெரியப்பா ஆபீசில் அந்த நாற்காலியில் இப்போது அந்தக் குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறாராம். அவராவது எப்போதாவது எழுந்து விசிலடித்தால் சரி.

அந்தக் கடைசிக் கிலோவுக்காக நான் வருத்தப்படவில்லை. இரண்டு மாதம் என்னை எதிர்த்து நின்று ஜெயித்தது. அதற்கு ஒரு சலாம். உறவினர் கல்யாணங்களில் இன்றைக்கும் யாராவது என்னை மூலையில் தள்ளி, அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டாயா என்கிறார்கள். கேட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும். தன் வாழ்க்கையில் பெரியப்பாவை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு நாள்தான் என்பது அவருக்கு மறக்குமா?

மாதம் ஒருமுறை நான் சலூனுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டால் போதும், சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்:

"ஏன்னா, மார்க்கெட்டுக்கெல்லாம் அப்புறம் போய்க்கலாம். சேது முடி வெட்டிக்கப் போறான். அவன் வர வரைக்கும் வாசல்ல எல்லார் கண்ணுலயும் படறாப்பல உக்காந்துண்டிருங்கோ."

அப்பாவும் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறார்.